அரசிக்கு முன்னால் ஓடிய எஞ்சின்

1842ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் நண்பகலில் இங்கிலாந்தின் ஸ்லோ நிலையத்திலிருந்து புறப்பட்ட ஒரு புகைவண்டியைப் பற்றிப் பேசாத இருப்புப்பாதை வரலாற்று நூலைக் காண்பது அரிது. விக்டோரியா அரசி முதன்முதலாக ரயிலேறிய நாள் அது. விண்ட்சர் அரண்மனைக்கு அப்போது ரயில் பாதை கிடையாது. அது வந்தது 1849இல்தான். ஆகவே அரண்மனையிலிருந்து ஸ்லோ வரை குதிரை வண்டியில் வந்து, அங்கிருந்து இலண்டனின் பாடிங்டன் நிலையம் வரையிலான ஏறத்தாழ 18 மைல் தொலைவை 25 நிமிடங்களில் கடந்தார் அரசி. எஞ்சினைச் செலுத்தியவர் கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் எஞ்சின் பிரிவுத் தலைவரான டேனியல் கூச். அவருடன் சென்றவர் அந்தப் பாதையையே வகுத்த பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல். அன்று அரசிக்கு வயது 23; கணவர் ஆல்பர்ட்டுக்கு 22; கூச்சுக்கு 25; எல்லோரிலும் மூத்த புரூனெலுக்கே 36தான். எஞ்சினின் பெயர் ஃபிளெகதான். கிரேக்கத் தொன்மத்தில் பாதாள உலகில் ஓடும் நெருப்பாற்றின் பெயர் அது. அரசியை ஏற்றிச் செல்லும் எஞ்சினுக்கு இப்படியொரு பெயரா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்று, 'அடுத்த முறை இவ்வளவு வேகம் வேண்டாம்' என்று ஆல்பர்ட் கேட்டுக்கொண்டதாக வழங்கிவரும் கதை. மற்றொன்று, அரசியே ஏறிவிட்டதால் பொதுமக்களுக்கும் ரயிலின்மீது நம்பிக்கை பிறந்தது என்னும் முடிவுரை. முதலாவது சுவையான துணுக்கு, அதனால் கேடில்லை. இரண்டாவதை அவ்வளவு எளிதில் ஏற்க என்னால் இயலவில்லை. அரசி ஏறிய ரயிலும் மக்கள் ஏறிய ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓடினவேயன்றி ஒரே ரயில் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு அரசரின் பயணம் என்றதும் நினைவுக்கு வருவது உலா. ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழ மன்னர்கள் வீதியில் வருகிறார்கள். பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுபருவ மகளிரும் கண்டு மயங்குகிறார்கள். அங்கே மன்னன் எங்கே போகிறான் என்பது பொருட்டே அன்று. அவன் காணப்படுகிறான் என்பதே செய்தி. ஐரோப்பிய அரசர்களின் பழைய ஊர்வலங்களும் ஏறத்தாழ இதே இலக்கணத்தில் அமைந்தவைதாம். நீராவி எஞ்சின் இந்த இலக்கணத்தை மாற்றியது. முதல் பயணம் முடிந்ததும் தம் மாமாவான பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்கு எழுதிய கடிதத்தில், தூசியும் கூட்டமும் வெப்பமும் இல்லாமல் வந்து சேர்ந்ததாக விக்டோரியா மகிழ்ந்து குறிப்பிட்டார். கூட்டம் இல்லாமை ஓர் அரசியின் பயணத்துக்கு நற்சான்றாகச் சொல்லப்படுவது உலா பாடிய புலவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்த மகிழ்ச்சிக்குக் காரணமும் இல்லாமலில்லை. அதற்குச் சரியாகப் பதினான்கு நாட்களுக்கு முன், மே 30ஆம் நாள், இலண்டன் வீதியில் திறந்த வண்டியில் சென்ற அவரை நோக்கி ஜான் பிரான்சிஸ் என்பவன் துப்பாக்கியால் சுட்டிருந்தான். வீதியில் செல்வதைவிடத் தண்டவாளத்தில் செல்வது அரசிக்குப் பாதுகாப்பானது.

மற்றவர்களுக்கும் அப்படித்தானா? அரசி ரயிலேறுவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் நடந்த இரண்டு விபத்துகளைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதல் விபத்து அதே நிறுவனத்தின் அதே பாதையில் நடந்தது. 1841 டிசம்பர் 24 அதிகாலையில் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டல் நோக்கிச் சென்ற சரக்கு ரயிலில் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் ஏற்றப்பட்டிருந்தார்கள். 'வகுப்பு' என்ற சொல்லைக் கேட்டு இருக்கையையும் கூரையையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தாழ்ந்த பக்கப் பலகைகள் கொண்ட திறந்த வண்டிகள் அவை. எஞ்சினுக்கும் கனத்த சரக்கு வண்டிகளுக்கும் இடையே அவை கோக்கப்பட்டிருந்தன. ரெடிங் நகருக்கு அருகே சோனிங் என்னுமிடத்தில், குன்றை வெட்டி அமைத்த பள்ளமான பாதையில், மழையால் சரிந்து கிடந்த மண்ணில் எஞ்சின் மோதியது. பின்னாலிருந்த சரக்கு வண்டிகளின் எடை முழுவதும் பயணிகளின் மீது வந்து விழுந்தது. 8 பேர் அங்கேயே இறந்தார்கள். இன்னொருவர் பிறகு இறந்தார். இலண்டனில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காகக் கல் செதுக்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அவர்களில் பலர். கிறிஸ்துமஸுக்காக ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். நாட்டின் சட்டங்கள் இயற்றப்படவிருந்த மண்டபத்தைக் கட்டிய கைகளுக்கு, பயணத்தில் காப்பளிக்க அன்று ஒரு சட்டமும் இருக்கவில்லை.

இரண்டாம் விபத்து பிரான்சில். 1842 மே 8ஆம் நாள் வெர்சாய் பூங்காவில் மன்னர் லூயி பிலிப்பைச் சிறப்பிக்கும் விழா. அதைக் கண்டு பாரிஸுக்குத் திரும்பிய கூட்டத்தை ஏற்றி வந்த ரயிலின் எஞ்சினில் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பற்றின. பயணிகள் வழியில் இறங்கிவிடாதிருக்கப் பெட்டிகளின் கதவுகளை வெளியிலிருந்து பூட்டிவிடுவது அக்கால வழக்கம். பூட்டிய பெட்டிகளுக்குள்ளேயே ஐம்பதுக்கு மேற்பட்டோர் எரிந்து மாண்டார்கள். அண்டார்க்டிகா வரை கப்பலில் சென்று உயிரோடு திரும்பிய கடலோடி துமோன் துர்வில் தம் மனைவியோடும் மகனோடும் அந்தப் பெட்டி ஒன்றில் இறந்தார். விக்டோரியா ரயிலேறியது இதற்கு 36 நாட்களுக்குப் பின்.

கதவைப் பூட்டும் வழக்கம் கிரேட் வெஸ்டர்ன் ரயிலிலும் இருந்தது. அதை எதிர்த்து அதே 1842இல் செய்தித்தாளுக்குக் கடிதங்கள் எழுதியவர் சிட்னி ஸ்மித் என்னும் பாதிரியார். அங்கதத்துக்குப் பெயர் பெற்றவர். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்: இப்படியே எத்தனை பேர் செத்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை; உயர்ந்த பதவியில் உள்ள ஒருவர் செத்தால் எல்லாம் ஒரே நாளில் ஒழுங்காகிவிடும். சிரிப்பதற்காக எழுதப்பட்டதுதான். ஆனால் அடுத்த அரை நூற்றாண்டு வரலாற்றைப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை.

ஏனெனில், உயர்ந்த பதவியில் இருந்தவர் சாகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது ரயில் நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பின்வந்த பத்தாண்டுகளில் அரசியின் பயணத்துக்கென்று வகுக்கப்பட்ட விதிகளைப் பாருங்கள். அரச ரயிலுக்குச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன்னால் ஒரு பைலட் எஞ்சின் தனியாக ஓடும். பாதை சரியாக இருக்கிறதா என்பதைத் தன் உடம்பையே கொடுத்துச் சோதித்துக்கொண்டு போகும். அந்த எஞ்சினுக்கும் அரச ரயிலுக்கும் இடையில் வேறு எந்த வண்டியும் நுழையலாகாது. ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட்டுகள் அசையாதபடி பூட்டப்படும். சாலைக் கடவுகளின் கேட்டுகள் அடைக்கப்பட்டுக் காவல் நிறுத்தப்படும். வழிநெடுகப் பாதைப் பணியாளர்கள் நின்று கண்காணிப்பார்கள். இதற்கு மேல் வேகத்துக்கும் வரம்பு உண்டு. பகலில் மணிக்கு 40 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது விக்டோரியாவின் விருப்பம் என்பர்.

இந்த ஏற்பாடுகளை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் சற்று உற்று நோக்கினால் இவற்றில் பட்டும் பொன்னும் ஒன்றுமில்லை. முன்னால் உள்ள பாதை காலியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் ரயில் நகரக்கூடாது. பாயிண்ட் பூட்டப்படாமல் அதன்மேல் ரயில் ஏறக்கூடாது. இவ்வளவுதான். ரயில் பாதுகாப்பின் அரிச்சுவடியே இதுதான்.

அதே காலத்தில் மற்ற ரயில்கள் எப்படி ஓடின? கடிகாரத்தை நம்பி ஓடின. ஒரு ரயில் கடந்ததும் காவலர் சில நிமிடங்களுக்கு அபாயக் கைகாட்டியை வைப்பார். பிறகு இன்னும் சில நிமிடங்களுக்கு எச்சரிக்கை. அதன்பின் வழி திறந்துவிடும். முன்னே சென்ற ரயில் இதற்குள் தொலைவு போயிருக்கும் என்பது நம்பிக்கை. அது வழியில் பழுதாகி நின்றிருந்தால் அந்தக் காவலருக்குத் தெரிய வழியில்லை. 1861 ஆகஸ்டு 25ஆம் நாள் பிரைட்டன் அருகே கிளேட்டன் சுரங்கத்தில், சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து அனுப்பப்பட்ட ரயில்களில் இரண்டு மோதிக்கொண்டு 23 பேர் இறந்தார்கள். சுரங்கத்துக்கு மட்டும் தந்திக் கருவி வைத்திருந்தும், கைகாட்டியின் கோளாறும் செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டதும் சேர்ந்து அந்த விபத்தை விளைவித்தன. நிமிடக் கணக்கில் ரயில்களை நெருக்கி விட்டால், ஒரு சிறு பிழையைக்கூடத் திருத்த நேரம் இருக்காது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒவ்வொரு பயணிகள் ரயிலுக்கும் முன்னால் ஒரு பைலட் எஞ்சினை ஓட்ட முடியுமா? பாதி எஞ்சின்கள் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தால் மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் ஏழை எப்படிப் பயணம் செய்வான்? சரியான கேள்வி. ஆனால் பைலட் எஞ்சின் செய்யும் வேலையை ஒரு கம்பி செய்துவிடும் என்று காட்டப்பட்டதும் அந்த 1842ஆம் ஆண்டிலேயேதான். மின் தந்தியை உருவாக்கிய இருவருள் ஒருவரான வில்லியம் குக், பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயிலே இருக்கும்படி தந்தியால் கட்டுப்படுத்தலாம் என்று அவ்வாண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். பிற்காலத்தில் 'பிளாக்' முறை என்று பெயர் பெற்றதன் கரு இதுவே. தந்திக் கம்பிக்கும் அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. பாடிங்டனிலிருந்து வெஸ்ட் டிரேட்டன் வரை 1839இலேயே அது போடப்பட்டிருந்தது. 1843இல் ஸ்லோ வரை நீண்டது. அரசி பயணம் செய்த அதே பாதை!

அந்தக் கம்பி எதற்குப் புகழ் பெற்றது? 1844 ஆகஸ்டு 6ஆம் நாள் விண்ட்சரில் இளவரசர் ஆல்ஃபிரட் பிறந்த செய்தி ஸ்லோவிலிருந்து அதன் வழியே இலண்டனுக்குப் பறந்தது. 1845 ஜனவரியில் ஒரு கொலையாளி ஸ்லோவில் ரயிலேறித் தப்பியபோது, அவனுக்கு முன்னே அவனைப் பற்றிய செய்தி பாடிங்டனைச் சென்றடைந்து அவன் பிடிபட வழிசெய்தது. இளவரசர் பிறந்ததைச் சொல்லவும் குற்றவாளியைப் பிடிக்கவும் தந்தி உடனே பயன்பட்டது. முன்னால் ஒரு ரயில் நிற்கிறது என்று பின்னால் வரும் ரயிலுக்குச் சொல்ல அதை நாடெங்கும் கட்டாயமாக்குவதற்குத்தான் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

மூன்றாம் வகுப்பைப் பற்றி அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநீதியாகும். சோனிங் விபத்து எழுப்பிய கேள்விகளின் தொடர்ச்சியாக, கிளாட்ஸ்டனின் முயற்சியால் 1844இல் ஒரு சட்டம் வந்தது. நிறுவனங்கள் நாள்தோறும் ஒரு ரயிலாவது மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில், நிற்கும் நேரமும் உட்பட மணிக்கு 12 மைலுக்குக் குறையாத வேகத்தில், இருக்கையும் மழைக்குக் காப்பும் உள்ள பெட்டிகளோடு ஓட்ட வேண்டும் என்றது அது. ஏழையின் தலைக்கு மேல் கூரை வந்தது. அவனுக்கு முன்னால் உள்ள பாதை காலியா என்பது மட்டும் நிறுவனங்களின் மனச்சான்றுக்கு விடப்பட்டது.

நிறுவனங்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. செலவு ஒன்று; கருவிகளை நம்பிப் பணியாளர்கள் விழிப்புணர்வை இழந்துவிடுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் அரசியின் பயணத்தின்போது மட்டும் ஏன் எவருக்கும் தோன்றவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. பாயிண்ட்டுகளைப் பூட்டியும் பாதையை ஒழித்தும் வைத்தால் அரச ரயிலின் ஓட்டுநர் அசட்டையாகிவிடுவார் என்று எந்த இயக்குநரும் அஞ்சியதாகத் தெரியவில்லை.

இந்த முரண்பாட்டை வேறு யாரும் கவனிக்காவிட்டாலும் ஒருவர் கவனித்தார். அவர் விக்டோரியாவேதான். 1860களின் நடுவில், அடிக்கடி நேர்ந்த விபத்துகளால் கலங்கி, தம் அலுவலர் சர் சார்லஸ் ஃபிப்ஸ் வழியாக ரயில் நிறுவன இயக்குநர்களுக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பச் செய்தார். தாம் பயணம் செய்யும்போது தனிப்பட்ட முன்னேற்பாடுகள் செய்யப்படுவதைத் தாம் அறிவதாகவும், தமக்காக இதை எழுதவில்லை என்றும், தமக்கு அளிக்கப்படும் அதே பாதுகாப்பு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புவதாகவும் அதில் தெரிவிக்கப்பட்டது. அரச பயணங்களின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆவணம் இதுவே. பட்டுத் திரைகளுக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. தம் உயிரின் விலை வேறு, அடுத்த ரயிலில் வருபவரின் உயிரின் விலை வேறு என்று. ஆனால் கடிதத்தால் சட்டம் வந்துவிடவில்லை. முடிசூடியவரின் விருப்பத்தையும் இலாபக் கணக்கு பொறுமையாகக் காத்திருக்க வைத்தது.

ஒருவருக்கு மட்டும் செய்யப்படும் பாதுகாப்பு அந்த ஒருவருக்கும் முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதற்கும் சான்று உண்டு. ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் குறுக்கே 1878இல் திறக்கப்பட்ட நீண்ட ரயில் பாலத்தை விக்டோரியா 1879 ஜூனில் கடந்தார். அதைக் கட்டிய தாமஸ் பவுச்சுக்கு 'சர்' பட்டம் அளித்தார். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவுப் புயலில், ரயில் ஒன்று மேலே சென்றுகொண்டிருந்தபோது பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. வடிவமைப்பும் கட்டுமானமும் பராமரிப்பும் குறையுடையவை என்று விசாரணை கண்டது. ஜூன் மாதத்திலும் அவை அதே குறையுள்ள தூண்கள்தாம். எத்தனை பைலட் எஞ்சின்களை முன்னால் ஓட்டினாலும் பாலத்தின் வார்ப்பிரும்புக் குறையை அவற்றால் கண்டறிந்திருக்க இயலாது. எல்லோருக்குமான கண்டிப்பான ஆய்வு ஒன்றே அரசியையும் காத்திருக்கும்.

1889 ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிக் குழந்தைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் பயண ரயில் கடற்கரைக்குப் புறப்பட்டது. மேட்டில் ஏற இயலாமல் எஞ்சின் நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பகுதியை மட்டும் இழுத்துச் செல்ல முயன்றபோது, பின்பகுதி சரிவில் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. தானாகவே பிடிக்கும் பிரேக் அதற்கு இல்லை. கீழே, கடிகாரக் கணக்கை நம்பி அனுப்பப்பட்ட அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். பெட்டிக் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சிட்னி ஸ்மித் கடிதம் எழுதி 47 ஆண்டுகள் ஆகியும்!

அதன்பிறகு மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை; சட்டம் வந்துவிட்டது. பிளாக் முறை, பாயிண்ட்டுகளையும் கைகாட்டிகளையும் ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டும் அமைப்பு, பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கித் தொடர் பிரேக் ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை 1889ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அளித்தது. இங்கிலாந்தின் முக்கியப் பாதைகளில் பெரும்பாலானவை அதற்குள் தாமாகவே பிளாக் முறைக்கு மாறியிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'பெரும்பாலானவை' என்ற சொல்லில் அடங்காத பாதை ஒன்றில்தான் அந்தக் குழந்தைகள் ஏறியிருந்தார்கள். விக்டோரியாவின் முதல் பயணத்திலிருந்து அர்மா விபத்து வரை கணக்கிட்டுப் பாருங்கள்: 47 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு நாள் குறைவு.

இன்று யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் விக்டோரியாவின் 1869ஆம் ஆண்டுப் பெட்டியைக் காணலாம். பட்டு விரித்த இருக்கைகள், மெத்தை வைத்துத் தைத்த சுவர்கள், மின்விளக்கு வந்த பின்னும் அரசி விடாமல் வைத்துக்கொண்ட எண்ணெய் விளக்குகள் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் எழுதுவோர் ஏராளம். அழகை வியப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அரச ரயிலில் மக்களுக்கு உண்மையில் தேவையாக இருந்தது அந்தப் பட்டு அன்று. முன்னால் ஓடிய அந்த எஞ்சின் சுமந்து சென்ற உறுதிமொழிதான்: வழி காலியாக இருக்கிறது, அஞ்சாமல் வரலாம் என்பது. மணியும் முள்ளும் கொண்ட ஒரு சிறு மரப்பெட்டியாக அந்த உறுதிமொழி கைகாட்டி அறைகளுக்குள் வந்து சேர்ந்தபோதுதான், அரசியின் ரயிலும் கல்தச்சனின் ரயிலும் ஒரே ரயில் ஆயின.

ஆள்வோர் செல்லும்போது சாலைகள் ஒழிவதும், அவர்கள் சென்றபின் அதே சாலையில் பழைய பள்ளங்களோடு நாம் செல்வதும் நமக்கும் புதியவை அல்ல. அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஒருவருக்குச் செய்யத் தெரிந்ததை எல்லோருக்கும் செய்ய ஒரு நாடு எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது, அதற்குள் எத்தனை பேரை இழக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அன்றைய உலகின் மிகச் செல்வமிக்க நாடு எடுத்துக்கொண்டது 47 ஆண்டுகள். ஸ்லோவிலிருந்து பாடிங்டனுக்கு அரசி சென்ற அந்த 25 நிமிடங்களை வியந்து எழுதுவோர், இந்த எண்ணையும் அதன் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.